உயிரின் வாயில்கள்: ஒரு கூட்டுழைப்பின் வரலாறு

விஞ்ஞான வரலாறு நமது பாடநூல்களிலே பெரும்பாலும் பெயர்களின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. இன்ன ஆண்டில் இன்னார் இன்னதைக் கண்டார் என மாணவர் மனனஞ் செய்கின்றனர். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். மறந்துபோவது பெரிய நட்டமன்று. அப்பெயர்ப் பட்டியல் அவர்கள் நெஞ்சிலே விட்டுச்செல்லும் எண்ணமே பெரிய நட்டமாகும். அறிவு என்பது எங்கோ பிறந்த சில மேதைகளின் மூளையிலே திடீரெனத் தோன்றுவது, நம்மனோர் அதனைக் கைகட்டி நின்று பெற்றுக்கொள்ள வேண்டியவர் என்பதே அவ்வெண்ணம்.

இலக்கியம் தனிமனிதனின் அகத்தூண்டலால் மட்டும் பிறப்பதன்று, அது சமுதாய வாழ்வின் விளைபொருள் என்று நாம் பல காலமாக வாதாடி வந்திருக்கின்றோம். அவ்வாதம் விஞ்ஞானத்திற்கும் பொருந்தும் என்று வாளா கூறிவிட்டால் மட்டும் போதாது. யாதேனுமொரு கண்டுபிடிப்பை எடுத்து, அது யார் யார் கைகளினூடாக, எத்தகைய காலச் சூழலிலே உருவாயிற்று என்பதைச் சான்றுகளோடு காட்டுதல் வேண்டும். அதற்கு உதாரணமாக அயன் கால்வாய்களின் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

நமது உடல் எண்ணிறந்த கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் கொழுப்புப் பொருளாலான மெல்லிய மென்சவ்வொன்று போர்த்தியிருக்கின்றது. கலத்தின் உள்ளும் புறமும் உப்புக் கரைந்த நீரே நிறைந்துள்ளது. அந்நீரிலே மின்னேற்றம் பெற்ற அணுக்களாக உலவும் சோடியம், பொற்றாசியம், குளோரைட்டு முதலியனவே அயன்கள் எனப்படுவன. கொழுப்புப் படலத்தை அயன்கள் தாமாக ஊடுருவிச் செல்லமாட்டா. அவை செல்வதற்கென மென்சவ்விலே புரதத்தாலான நுண்ணிய துளைகள் பதிந்துள்ளன. அத்துளைகள் வேளையறிந்து திறக்கும், வேளையறிந்து மூடும். சில இன்ன அயனை மட்டுமே விடும், பிறிதை விடா. இவையே அயன் கால்வாய்கள். இதயம் துடிப்பதும், கை அசைவதும், வாசகர் இவ்வரியைப் படிப்பதும் இவ்வாயில்கள் திறந்து மூடுவதனாலேயே நிகழ்கின்றன.

இவற்றைக் கண்டுபிடித்தவர் யார் என்று மாணவனொருவன் கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி விடையளித்தல் இயலாது. ஏன் இயலாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

பதினேழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த பிரெஞ்சுத் தத்துவவாதி டேக்கார்ட், நரம்புகளைக் குழாய்கள் என்றே கருதினார். அவற்றினூடே 'உயிராவி' ஓடித் தசைகளை ஊதச் செய்கின்றது என்பது அவர் கொள்கை. உடலின் அசைவை ஒரு பொறியின் அசைவாக விளக்க முயன்றமை அக்காலத்திலே முன்னேற்றமே. ஆயினும் அவ்வாவியை எவரும் அளந்ததில்லை. அளக்க வழியும் இருக்கவில்லை.

1791 ஆம் ஆண்டிலே இத்தாலியின் பொலோனா நகரத்து மருத்துவப் பேராசிரியர் கல்வானி, அறுத்த தவளையின் கால் மின்சாரத்தாலும் உலோகத் தொடுகையாலும் துடிப்பதைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மின்சாரம் விலங்கின் உடலிலேயே உளது என்றார் அவர். இல்லை, அது இரு வேறு உலோகங்களின் தொடுகையாற் பிறப்பது என்று பாவியா நகரத்து வோல்ற்றா மறுத்தார். அவ்விவாதத்தின் பயனாக 1800 இல் வோல்ற்றாவின் மின்கலவடுக்கு உலகுக்குக் கிடைத்தது. இருவர் கூற்றிலும் உண்மை இருந்ததென்பதைப் பின்வந்தோர் அறிந்தனர்.

எனினும் 'உயிர்ச்சக்தி' என்னும் கருத்து எளிதிலே விடைபெறவில்லை. நரம்பிலே செல்லும் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஜேர்மனியின் தலைசிறந்த உடற்றொழிலியலாளர் யொஹானஸ் முல்லரே எண்ணினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 இல் தவளையின் நரம்பிலே அதனை அளந்தார். செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர்; அதாவது மணிக்கு 97 கிலோமீற்றர். எண்ணத்தின் வேகம் புகைவண்டியின் வேகத்தை விஞ்சவில்லை! ஆசிரியர் முடியாதென்றதை மாணவர் செய்துகாட்டினார் என்பது மட்டுமன்று இதன் சிறப்பு. உயிரின் செயல் காலமும் அளவும் உடைய பௌதிக நிகழ்ச்சியே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

அந்நிகழ்ச்சி எத்தகையது? 1902 இல் பேர்ன்ஸ்ரைன் என்ற ஜேர்மானியர் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். கலத்தின் உள்ளே பொற்றாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. ஓய்வுநிலையிலே மென்சவ்வு பொற்றாசியத்தை மட்டுமே ஓரளவு கசியவிடுகின்றது. அதனால் உட்புறம் எதிர் மின்னழுத்தம் பெறுகின்றது. நரம்பு தூண்டப்பட்டதும் மென்சவ்வு தன் தெரிவுத்தன்மையை இழந்து எல்லா அயன்களையும் விட்டுவிடுகின்றது. அழுத்த வேறுபாடு பூச்சியமாகின்றது. இதுவே அவர் கருத்து. அதே ஆண்டில், வெளிக்கரைசலிலே சோடியம் இன்றேல் தவளையின் தசை தூண்டலுக்கு இணங்காது என்பதை ஓவர்ற்றன் காட்டினார். சோடியம் உட்செல்வதே காரணமாகலாம் என்ற குறிப்பு அதிலே இருந்தது. ஆயினும் அதனைச் சோதிக்கும் கருவி இல்லாமையால் அக்குறிப்பு நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. கருத்து முன்னே பிறந்தாலும், கருவி பிறக்கும்வரை அது காத்திருக்க வேண்டியே வருகின்றது.

*

அக்கருவியின் ஒரு பாதி கடலிலிருந்து வந்தது. 1936 இல் யங் என்னும் ஆங்கில விலங்கியலாளர் ஊசிக்கணவாயின் உடலிலே ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தொடக்கம் ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த நரம்பு நார்கள் உள்ளன என்பதை உலகறியச் செய்தார். ஆபத்து நேரும்போது நீரைப் பீச்சி விரைந்து தப்புவதற்குக் கணவாய்க்கு அந்நார் வேண்டும். நமது நரம்பு நார்களுட் பெரியவைகூட ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கையே எட்டுகின்றன. அவற்றினுள் மின்வாயைச் செலுத்த அன்று வழியில்லை. கணவாயின் நாருக்குள் செலுத்தலாம்.

1939 இல் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோலிலே கோல், கேர்ட்டிஸ் ஆகிய இருவரும், செய்தி கடந்து செல்லும் கணத்தில் மென்சவ்வின் மின்தடை நாற்பதில் ஒரு பங்காகக் குறைகின்றது எனக் கண்டனர். ஏதோ திறக்கின்றது என்பதற்கு அதுவே முதற் சான்று. அவ்வாண்டு ஓகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் பிளைமவுத் கடல்வாழ் உயிரின ஆய்வுக்கூடத்திலே, இருபத்தைந்து வயதினரான ஹொட்ஜ்கினும் இருபத்தொரு வயது மாணவரான ஹக்ஸ்லியும் கணவாயின் நாருக்குள் மின்வாயைச் செலுத்தி மின்னழுத்தத்தை நேரே அளந்தனர். பேர்ன்ஸ்ரைன் சொன்னபடி அழுத்தம் பூச்சியத்திற்கு வந்து நிற்கவில்லை. பூச்சியத்தைத் தாண்டி மறுபுறம் ஏறத்தாழ 40 மில்லிவோற்று வரை சென்றது. நாற்பதாண்டுக் காலக் கொள்கையொன்று ஒரு கோடையிலே ஆட்டங் கண்டது.

சில கிழமைகளிலே ஹிட்லரின் படைகள் போலந்தினுட் புகுந்தன. பரிசோதனை நின்றது. ஹொட்ஜ்கின் விமானங்களுக்கான ராடர் ஆய்வுக்கும், ஹக்ஸ்லி பீரங்கிகளின் இலக்கைக் கணிக்கும் பணிக்கும் சென்றனர். 1941 இல் பிளைமவுத் ஆய்வுக்கூடம் விமானக் குண்டுவீச்சாற் சேதமுற்றது. கேள்வி எழுந்த பின்னர் விடைக்கு எட்டாண்டுகள் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. போர் விஞ்ஞானத்தை வளர்க்கின்றது என்பார் இதனைச் சிந்தித்தல் வேண்டும். போர்க்கால மின்னணுவியல் பிற்காலப் பரிசோதனைகளுக்குத் துணைசெய்தது உண்மையே. ஆனால் அத்திறனை மனிதன் வளர்த்துக்கொள்ள நகரங்கள் எரிந்தாக வேண்டும் என்பதில்லை.

பாசிசம் துரத்திய ஒருவரையும் இங்கு நினைவுகூர வேண்டும். பேர்ணாட் காட்ஸ் ஜேர்மனியின் லைப்சிக் நகரிலே பிறந்த யூதர். 1935 இல் தாய்நாட்டை விட்டு நீங்கி இலண்டன் வந்து, பேராசிரியர் ஹில்லின் ஆய்வுக்கூடத்திலே சேர்ந்தார். பின்னர் அவுஸ்திரேலியா சென்று போர்க்காலத்திலே அந்நாட்டு விமானப்படையின் ராடர் அதிகாரியாகவும் பணியாற்றினார். இனவெறி தன் நாட்டுக்கு வேண்டாதவரென ஒதுக்கிய இவ்வறிஞரே 1947 இல் ஹொட்ஜ்கினோடு சேர்ந்து தீர்க்கமான பரிசோதனையைச் செய்தார். கடல்நீரிலே சோடியத்தின் அளவைக் குறைக்கக் குறைக்க, நரம்பின் அழுத்த எழுச்சியும் குறைந்தது. எழுச்சிக்குக் காரணம் சோடியம் உட்பாய்வதே என்பது ஐயமறத் தெளிவாயிற்று. ஓவர்ற்றனின் குறிப்பு நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் நியாயம் பெற்றது.

*

அடுத்த படி அளவு பற்றியது. சோடியம் எவ்வளவு, எப்பொழுது உட்செல்கின்றது? பொற்றாசியம் எவ்வளவு, எப்பொழுது வெளியேறுகின்றது? நரம்பு தூண்டப்பட்டதும் அழுத்தம் மாறுகின்றது. அழுத்தம் மாறியதும் வாயில்கள் மாறுகின்றன. வாயில்கள் மாறியதும் அழுத்தம் மீண்டும் மாறுகின்றது. காரணமும் காரியமும் ஒன்றையொன்று துரத்தும் இச்சுழலை நிறுத்தினாலன்றி எதனையும் அளக்க இயலாது. மின்சுற்றொன்றினால் அழுத்தத்தை வேண்டிய அளவிலே அசையாது பிடித்து வைத்து, அப்போது ஓடும் மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் முறையை 1947 இல் கோல் அமெரிக்காவிலே கையாண்டார். அதனை அறிந்த ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், காட்ஸின் துணையுடன், அதனைத் திருத்தி 1948 இலும் 1949 இலும் பிளைமவுத்திலே அளவுகளை எடுத்தனர்.

அளவுகளிலிருந்து சமன்பாடுகள் பிறந்தன. அவற்றைத் தீர்க்கக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மின்கணினியைப் பயன்படுத்த எண்ணினர். அதுவோ திருத்த வேலைக்காக ஆறு மாதம் மூடப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையாற் சுழற்றும் கணிப்பொறியொன்றை முன்வைத்துக்கொண்டு நாட்கணக்காக, வாரக்கணக்காகச் சுழற்றினார். நரம்பிலே செய்தி செல்லும் வேகம் செக்கனுக்கு 18.8 மீற்றர் என்று கணக்குக் கூறிற்று. நாரிலே நேரே அளந்த வேகம் 21.2 மீற்றர். அழுத்தத்தைப் பிடித்து வைத்துப் பெற்ற எண்களிலிருந்து, அழுத்தம் தானே ஓடும் வேகத்தை இவ்வளவு நெருங்கிச் சொல்ல முடிந்தமை பெருஞ் சாதனையாகும்.

1952 இல் அவர்களுடைய கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றிலே நம் மாணவர் கற்க வேண்டிய பண்பொன்றுண்டு. பொற்றாசியத்தின் பாதை திறக்க நான்கு துணிக்கைகள் ஒருங்கே இடம்மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டாற் கணக்குப் பொருந்துகின்றது என அவர்கள் எழுதினர். ஆனால் கணக்குப் பொருந்துவதனாலேயே அத்துணிக்கைகள் உண்டென்று நிறுவப்பட்டதாகக் கொள்ளலாகாது என்றும் தாமே எச்சரித்தனர். கால்வாய் என்று அவர்கள் துணிந்து கூறவில்லை. சான்று எவ்வளவு தூரம் இட்டுச்செல்கின்றதோ அவ்வளவு தூரமே சென்று நின்றனர்.

1963 இல் இருவருக்கும், எக்கில்ஸ் என்பாருடன் சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. கோலுக்குக் கிடைக்கவில்லை. விதி மூவருக்கு மேல் இடமளிக்காது. கணவாயைப் பிடித்து உயிரோடு கரைசேர்த்த படகுத் தொழிலாளரைப் பற்றியோ, கண்ணாடியும் உலோகமும் இழைத்துக் கருவி செய்த கைவினைஞரைப் பற்றியோ சொல்லவேண்டியதில்லை. அவர்களில்லையெனில் அப்பரிசோதனைகளும் இல்லை.

*

துளை உண்டென்ற எண்ணம் வலுப்பெறப் பின்னும் பலர் உழைத்தனர். 1955 இல் ஹொட்ஜ்கினும் கீன்ஸும் கதிரியக்கப் பொற்றாசியத்தைக் கொண்டு, அவ்வயன்கள் மென்சவ்வினூடே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிற் செல்வனபோற் காணப்படுவதைக் காட்டினர். ஒடுங்கிய பாதையொன்று உண்டென்பதற்கு அது குறிப்பு. 1964 இல், யப்பானிலிருந்து அமெரிக்கா சென்ற நரஹாஷியும் அவருடைய துணைவரும், பேத்தை மீனின் நஞ்சு சோடியத்தின் ஓட்டத்தை மட்டும் அடைக்கின்றது, பொற்றாசியத்தின் ஓட்டத்தைத் தொடுவதில்லை எனக் கண்டனர். ஒன்றை அடைத்தும் மற்றையது திறந்திருப்பின், வாயில்கள் வெவ்வேறானவை என்பதே பொருள். உண்டவனைக் கொல்லும் நஞ்சு ஆய்வாளன் கையிலே திறவுகோலாயிற்று.

ஆயினும் ஒரு தனி வாயில் திறந்து மூடுவதை எவரும் கண்டதில்லை. காட்ஸும் மெக்சிக்கோ நாட்டினரான மிலேடியும் 1970 ஐ அடுத்த ஆண்டுகளிலே, தசையின் மின்னழுத்தத்திற் காணப்படும் சிறு சலனத்தை ஆராய்ந்து, தனி வாயில்களின் பங்கு எவ்வளவாயிருக்கும் என மதிப்பிட்டனர். காட்ஸின் இலண்டன் ஆய்வுக்கூடத்திலே அக்காலத்திற் பயின்ற இளைஞருள் ஒருவர் சாக்மன் என்னும் ஜேர்மானியர். அவர் தாய்நாடு திரும்பிக் கொட்டிங்கன் நகரிலே நேஹருடன் இணைந்தார். நுனி சில மைக்ரோமீற்றரேயான கண்ணாடிக் குழாயியைத் தவளையின் தசைநார் மீது அழுத்தி, அச்சிறு வட்டத்தினுள் அகப்பட்ட மென்சவ்வின் மின்னோட்டத்தை மட்டும் அவர்கள் அளந்தனர். 1976 இல் அவர்கள் வெளியிட்ட பதிவிலே மின்னோட்டம் படிப்படியாக அன்றி, ஒரேயடியாக எழுந்து, சற்று நின்று, ஒரேயடியாக விழுந்தது. நரம்பு சுரக்கும் அசற்றைல்கோலீன் என்னும் இரசாயனப் பொருள் பட்டுத் திறக்கும் தனி வாயிலொன்றின் செயல் அது. சில பிக்கோஅம்பியர் அளவேயான ஓட்டம். ஒரு பிக்கோஅம்பியர் என்பதுகூடச் செக்கனுக்கு ஏறத்தாழ 62 இலட்சம் அயன்கள் கடப்பதாகும். கல்வானியின் நூல் வெளிவந்து 185 ஆண்டுகள். பரிசோதனைக்கு உதவியது அதே தவளை.

ஒரு தலைமுறைக்கு முன் ஜேர்மனி துரத்திய யூதரின் ஆய்வுக்கூடத்திற் கற்றுச்சென்ற ஜேர்மானியர் அவ்வறிவை முன்னெடுத்தார் என்பது கவனித்தற்குரியது. அறிவுக்குத் தாய்நாடு உண்டெனின் அஃது உலகமேயன்றிப் பிறிதன்று. அம்முறையின் நுட்பங்களை 1981 இல் அவர்கள் விரிவாக எழுதி வெளியிட்டமையால், அது உலகின் ஆய்வுக்கூடங்கள் அனைத்தினதும் பொதுச் சொத்தாயிற்று. 1991 இல் நோபல் பரிசு பின்தொடர்ந்தது.

இனி வாயிலின் உருவம். 1984 இல் யப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்து நூமாவின் குழுவினர், மின்விலாங்கிலிருந்து சோடியக் கால்வாயின் பரம்பரைக் குறியீட்டைப் பிரித்தெடுத்து, அப்புரதம் 1,820 அமினோ அமிலங்களின் தொடர் என அறிவித்தனர். மயக்கமருந்து பட்டதும் கால் நடுங்கும் பழ ஈயினமொன்றிலிருந்து 1987 இல் பொற்றாசியக் கால்வாயின் பரம்பரையலகு கிடைத்தது. அத்தகைய கால்வாய் நான்கு உபஅலகுகள் வட்டமாகச் சேர்ந்தமைவது என 1991 இல் மக்கினன் காட்டினார். கையாற் கணிப்பொறி சுழற்றியவர் 1952 இல் எழுதிய 'நான்கு' என்னும் எண்ணை இங்கு வாசகர் நினைந்து பார்க்கலாம்.

மக்கினன் மருத்துவராகப் பயின்று பின்னர் ஆய்வுக்கு வந்தவர். 1998 இல் மண்வாழ் பற்றீரியாவொன்றின் பொற்றாசியக் கால்வாயை அவர் குழுவினர் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து அதன் வடிவை வெளியிட்டனர். பொற்றாசியத்தை விட்டுச் சிறிய சோடியத்தை விடாத விந்தை அப்போது விளங்கிற்று. நீரிலே அயனைச் சுற்றி நீர்மூலக்கூறுகளின் ஒட்சிசன் அணுக்கள் சூழ்ந்து நிற்கும். கால்வாயின் ஒடுங்கிய பகுதியிலே புரதத்தின் ஒட்சிசன் அணுக்கள் பொற்றாசியத்திற்கு அளந்து வைத்தாற்போல் அமைந்துள்ளன. ஆதலின் அது தன் நீர்ப்போர்வையைக் களைந்து நட்டமின்றி உட்புகும். சோடியத்திற்கு அவ்விடம் பொருந்தாது. நீரைவிட்டு வர அது இசையாது. பத்தாயிரம் பொற்றாசியம் செல்லுமிடத்து ஒரு சோடியமே தவறிச் செல்லலாம். 'உயிராவி' என்று தொடங்கிய கதை அணுக்களின் இடைத்தூரத்திலே வந்து நின்றது. 2003 இல் மக்கினனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

*

இவ்வறிவினால் மக்கள் பெற்ற பயன் யாது? பல் பிடுங்குமுன் இடப்படும் விறைப்பு மருந்தாகிய லிக்னோக்கெயின், நோவைச் சுமந்து செல்லும் நரம்பின் சோடியக் கால்வாய்களை அடைக்கின்றது. 1943 இல் சுவீடனில் ஆக்கப்பட்ட அம்மருந்து இன்று அரசாங்க ஆஸ்பத்திரியிலே ஏழைக்கும் கிடைக்கின்றது. அது செயற்படும் விதத்தை விளக்கியது மேற்சொன்ன நெடிய உழைப்பே.

மற்றோர் உதாரணமும் உண்டு. சிஸ்ரிக் பைப்ரோசிஸ் என்பது பிள்ளைகளின் நுரையீரலிலே பிசுபிசுத்த சளியை நிறைத்து மூச்சைத் திணறவைக்கும் பரம்பரை நோய். குளோரைட்டு செல்லும் கால்வாயொன்று பழுதுறுவதே அதற்குக் காரணம் என்பது, 1989 இல் அதற்குரிய பரம்பரையலகு கண்டுபிடிக்கப்பட்டதையடுத்துத் தெளிவாயிற்று. மூடிக்கிடக்கும் வாயிலைத் திறந்திருக்கச் செய்யும் ஐவாகாவ்ற்ரர் என்னும் மருந்து 2012 இல் அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்றது. நோயாளருள் ஒரு சிறு பகுதியினருக்கு அது உதவிற்று. நோயாளரின் குடும்பங்கள் திரட்டிய நன்கொடைப் பணமும் அதன் ஆக்கத்திற்குச் செலவிடப்பட்டது. விற்பனைக்கு வந்தபோது ஒருவருக்கு ஓராண்டுக்கு அதன் விலை ஏறத்தாழ 294,000 டொலர்.

மருந்தாக்கிய இரசாயனவியலாளரும் உழைத்தவரே. அதனை நாம் மறுக்கவில்லை. தனிமனிதரின் திறனை மறுப்பதும் நமது நோக்கமன்று. ஹக்ஸ்லியின் பொறுமையும் மக்கினனின் துணிவும் எல்லார்க்கும் வாய்ப்பனவல்ல. ஆனால் 1791 தொடக்கம் வந்த இந்நெடுஞ் சங்கிலியிலே பொலோனாவும் பிளைமவுத்தும் கியோட்டோவும் கொட்டிங்கனும் உண்டு. அகதியும் மாணவரும் மீனவரும் உண்டு. பொதுப்பணத்தால் இயங்கிய பல்கலைக்கழகங்கள் உண்டு. கடைசிக் கண்ணியைப் பூட்டியவர் சங்கிலி முழுவதுக்கும் விலை குறிக்க உரிமை பெற்றது எவ்வாறு என்ற வினா எழுகின்றது. எல்லாரும் கூடி ஆக்கிய அறிவு, பயன்தரும் வேளையிலே தனியுடைமையாகி, விலை கொடுக்க இயலாத பிள்ளையின் மூச்சுக்கு எட்டாமற் போவது இயற்கையின் விதியன்று. அது மனிதர் வகுத்த ஏற்பாடு. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம்.

வகுப்பறையிலே இவ்வரலாற்றைப் பெயர்ப் பட்டியலாக அன்றி உழைப்பின் தொடராகக் கற்பிப்போமாயின், மாணவன் இருவகைத் துணிவைப் பெறுவான். தவளையும் கணவாயும் பேத்தை மீனும் ஊராரெல்லாம் அறிந்தவை. அவற்றிலே பிறந்த அறிவிலே தனக்கும் பங்குண்டு என்பது ஒன்று. அப்பங்கு மறுக்கப்படும்போது ஏன் என்று கேட்கத் தனக்கு உரிமையுண்டு என்பது மற்றொன்று. அவ்விரண்டையும் அவன் நெஞ்சிலே ஊன்றுவது விஞ்ஞான ஆசிரியருக்கு மட்டுமன்றி, மொழி கற்பிக்கும் நமக்கும் உரிய கடமையாகும்.